ஆய்லருக்கு இரண்டு திவசம்

மயிலாப்பூரில் பாட்டுக்கு சபா உண்டு, நாட்டியத்துக்கு உண்டு, ஹரிகதைக்கு உண்டு. கணக்குக்கும் ஒரு சபா உண்டு என்றால் நம்ப மாட்டீர்கள். அது உங்கள் இஷ்டம். லஸ் முனைக்குப் பின்னால் ஒரு சந்தில், மாவு மில்லுக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், 'மயிலைக் கணித மேதையர் ஞாபகார்த்த சபா' என்று பலகை தொங்குகிறது. உள்ளே யாரும் கணக்குப் போடுவதில்லை. அந்தக் காலத்தில் போட்டவர்களைக் கொண்டாடுகிறார்கள். அதற்கே அவர்களுக்கு நேரம் போதவில்லை.

சபாவின் உயிர்நாடி ஒரு வழக்கம். ஒரு உறுப்பினருக்கு ஒரு மேதை. சேருகிற அன்றே ஒருத்தரை உங்கள் கையில் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். உங்களுக்கு மூச்சு இருக்கிறவரை அவர் உங்கள் ஆள், அப்புறம் விண்ணப்பித்து வாங்குகிறவருடைய ஆள். அவரைப் பற்றி மேடையில் நீங்கள் மட்டும்தான் பேசலாம். சபா நிகழ்ச்சிகளில் மற்றவர்கள் அவர் பெயரைக்கூட உச்சரிக்கக் கூடாது. தலைவர் சண்முகவேலிடம் நியூட்டன் இருந்தார். ஆகவே ஆப்பிள் கீழே விழுந்த கதையைச் சொல்ல வேண்டி வந்தாலும் 'தலைவருடையவர்' என்றுதான் சொல்ல வேண்டும். செயலாளர் வேங்கடவரதனிடம் காஸ். தி. நகர் தங்கபுஷ்பம் டீச்சரிடம் லைப்னிட்ஸ். நுண்கணிதத்தை முதலில் கண்டுபிடித்தது யார் என்று லைப்னிட்ஸுக்கும் நியூட்டனுக்கும் நடந்த சண்டை உலகப் பிரசித்தம். சபாவில் மட்டும் அது யாருக்கும் தெரியாது. டீச்சர் அந்தக் கட்டத்துக்கு வரும்போதெல்லாம் மைக் கெட்டுப்போய்விடும்.

இப்படிப்பட்ட இடத்தில்தான் உபைத் சார் போய் மாட்டிக்கொண்டார்.

உபைத் மந்தைவெளியில் ஒரு டுடோரியலில் கணக்கு எடுப்பவர். வீடு சாந்தோம் பக்கம். அவருக்கு ஆய்லர் என்றால் உயிர். மேதைகளில் பெரும்பாலோர் மேலே ஏறியதும் ஏணியை எட்டி உதைத்துவிடுவார்கள். ஆய்லர் அப்படியில்லை, இந்தப் பக்கம் போனேன், அடைத்திருந்தது, அந்தப் பக்கம் போனேன், திறந்தது என்று படிக்கிறவன் தோளில் கை போட்டுக் கூட்டிப்போகிறவர். அவரைப் பற்றி ஒரே ஒரு சாயங்காலம் மேடையேறிப் பேச வேண்டும். உபைத்துக்கு இந்த துனியாவில் இருந்த ஒரே ஆசை அதுதான்.

சேர்ந்த அன்றே வாய்விட்டுக் கேட்டார்.

“ஆய்லர் காலியில்லியே,” என்றார் செயலாளர் வேங்கடவரதன். “அவர் நம்ம ஆராவமுதன் மாமாகிட்ட இருக்கார். நீங்க எதுக்குக் கவலப்படறேள்? உங்களுக்குன்னே ஒருத்தர எடுத்து வெச்சிண்டு காத்துண்டிருக்கோம். அல்-குவாரிஸ்மி! உங்க ஆளு.”

“என் ஆளா?”

“பின்னே? பேரப் பாத்தாலே தெரியறதே.”

அல்-குவாரிஸ்மி சாமானியப்பட்டவர் இல்லை. பாக்தாதில் இருந்த பெரிய மனுஷர். அல்ஜீப்ரா என்ற பெயரே அவர் புத்தகத்திலிருந்து வந்ததுதான். ஆனால் பந்தியில் உட்கார்ந்தவனைக் கேட்காமல், உனக்கு இதுதான் பிடிக்கும் என்று இலையில் போட்டால், அல்வாவானாலும் தொண்டையில் இறங்குமா? உபைத்துக்கு இறங்கவில்லை. முதல் நாளிலிருந்தே அவரை மாற்றாந்தாய்ப் பிள்ளை மாதிரிதான் நடத்தினார்.

இதில் இன்னொரு சங்கடம். அல்-குவாரிஸ்மி பிறந்த நாளும் தெரியாது, இறந்த நாளும் தெரியாது. தேதி தெரியாத மேதைகளையெல்லாம் சபா மஹாளய அமாவாசைக்குத் தள்ளிவிடும். 'தேதி தெரியாதோர் தினம்' என்று பேர். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் யூக்ளிட், டயோஃபாண்டஸ், அல்-குவாரிஸ்மி என்று வரிசையாக ஆளுக்குப் பத்து நிமிஷம். கேட்க இருக்கிற நாலு பேரும் வாயைத் திறந்துகொண்டு தூங்குவார்கள். ஆரியபட்டருக்கும் தேதி தெரியாதே என்று உபைத் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். அவருக்கு ஜாதகம் கணித்து நாள் குறித்தாகிவிட்டது, சாயங்கால ஸ்லாட் என்று பதில் வந்தது.

நியூட்டன் கதையோ நேர் எதிர். அவர் பிறந்தபோது இங்கிலாந்தில் பழைய காலண்டர். அதன்படி டிசம்பர் இருபத்தஞ்சு. புதிய காலண்டர்படி ஜனவரி நாலு. சபாவில் பழைய கட்சி, புதிய கட்சி என்று இரண்டு உண்டு. இரண்டு பஞ்சாங்கக்காரர்கள் ஏகாதசிக்கு மல்லுக்கட்டுவது போல இவர்கள் நியூட்டனுக்கு மல்லுக்கட்டுவார்கள். கடைசியில் இரண்டு நாளும் விழா எடுத்து, தலைவர் இரண்டு தடவை அதே பேச்சைப் பேசி, இரண்டு பொன்னாடை போர்த்திக்கொள்வார். ஒருத்தன் இரண்டு தடவை பிறக்கிறான், இன்னொருத்தனுக்குப் பிறந்த தேதியே கிடையாது! உபைத்துக்கு வயிறு எரிந்தது. சும்மா ஒரு எரிச்சல் இல்லை. ஜெலுசிலுக்கு அடங்காத எரிச்சல்.

அவருக்கு மட்டுமா? சபா முழுக்க அப்படித்தான். சின்ன மேதை வைத்திருப்பவன் பெரிய மேதை வைத்திருப்பவனைப் பார்த்துப் பொருமுவான். பெரிய மேதை வைத்திருப்பவன், இவன் நம்முடையவரைப் பார்க்கிற பார்வை சரியில்லையே என்று பொருமுவான். யாராவது தும்மினால் போதும், அவர் கையில் இருக்கிற மேதையை மனசுக்குள் மூன்று பேர் பங்கு போட்டுவிடுவார்கள்.

ஆராவமுதன் மாமாவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. அடையாறு காந்தி நகரில், பெரிய வீட்டில், மனைவியும் போய்விட்ட பின், படுக்கையோடு படுக்கையாக இருந்தார். சபாவே அவர் உடம்பைப் பற்றி உருகிக்கொண்டிருந்தது. உபைத் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனால், அங்கே தங்கபுஷ்பம் டீச்சர் கொய்யாப்பழத்தோடு உட்கார்ந்திருப்பார். லைப்னிட்ஸை வைத்துக்கொண்டு உருப்பட முடியாது என்று அவருக்கும் தெரிந்துபோயிருந்தது. இரண்டு பேரும் ஒருவர் பழத்தை ஒருவர் முறைத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

“வாங்கோ உபைத்,” என்பார் மாமா, கண்ணைத் திறக்காமலே. “இன்னும் இருக்கேன். மன்னிச்சுக்கோங்கோ.”

“ஐயோ, என்ன சார் இப்படிப் பேசறீங்க! நூறு வயசு இருக்கணும்.”

“இருந்துட்டா என்ன பண்ணுவேள்?”

உபைத் சாத்துக்குடியை உரிக்க ஆரம்பிப்பார். தொழுகை முடிந்து துஆ கேட்கும்போது 'ஆராவமுதன் சாருக்கு நீண்ட ஆயுளைக் கொடு' என்று ஆரம்பிப்பார். அடுத்த வார்த்தை வராது. அல்லாவிடம் பொய் சொல்ல வேண்டாமே என்று அதோடு நிறுத்திக்கொள்வார்.

திரும்பி சபாவுக்கு வந்தால் கேன்டீன் வேலு பிடித்துக்கொள்வான்.

“இன்னா சார், பெர்சு எப்டி கீது?”

“நல்லா இருக்காரு வேலு. இன்னிக்கி எழுந்து உக்காந்தாரு.”

“அடடா,” என்று உண்மையான வருத்தத்தோடு டீயை நீட்டுவான் வேலு. “மன்ச தளர உடாத சார்.”

சித்திரை வெயிலில் மாமா ஒருநாள் மத்தியானம் தூக்கத்திலேயே போய்விட்டார். உபைத்துக்கு அழுகை வந்தது, நிஜமாகவே வந்தது. நல்ல மனுஷர். கண்ணைத் துடைத்துக்கொண்டபோதே, பேச்சை எந்த வரியில் ஆரம்பிக்கலாம் என்று மனசு ஓடிவிட்டது. அதற்கு அவர் என்ன செய்வார்?

இரங்கல் கூட்டத்தில் தலைவர் சண்முகவேல் எழுந்தார். அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். இன்ன பதவி என்று யாருக்கும் தெரியாது, பெரிய பதவி என்பது மட்டும் தெரியும்.

“அன்பார்ந்த சபையோரே! ஆராவமுதன் அவர்கள் நம்மை விட்டுப் பிரிந்தார்கள். எண்பதில் பிரிவார்கள் என்று எதிர்பார்த்தோம், பிரியவில்லை. எண்பத்தைந்திலும் பிரியவில்லை. அந்த நீண்ட நெடுங்காலத்தில் இந்த சபா காட்டிய பொறுமையைக் கணித வரலாறு மறக்காது! அன்னாருடைய ஆத்மா சாந்தியடையட்டும். அன்னாரிடம் இருந்தவருக்கான விண்ணப்பங்களை வெள்ளிக்கிழமைக்குள் செயலாளரிடம் கொடுக்கலாம்.”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

விண்ணப்பித்தவர்கள் இரண்டே பேர், உபைத்தும் தங்கபுஷ்பம் டீச்சரும். நேர்காணலுக்குக் குடும்பத்தோடு வர வேண்டும் என்பது வழக்கம். 'ஒரு மேதை ஒரு வீட்டுக்குப் போறார்னா, வீட்டு மனுஷா எப்படின்னு பாக்க வேண்டாமா?' என்பார் வேங்கடவரதன். அதனால் மனைவியோ கணவரோ தானாகவே துணை உறுப்பினர் ஆகிவிடுவார். டீச்சர் கணவரைக் கூட்டிவந்திருந்தார். அவர் வந்ததும் தூங்கிவிட்டார். உபைத் தன் மனைவி நஸ்ருன்னிசாவைக் கூட்டிவந்திருந்தார்.

நஸ்ருன்னிசாவுக்கு ஆய்லரைத் தெரியாது. “எங்க வீட்டுக்காரருக்கு யார்மேலயோ ஆசை, அவரு இப்ப யாருக்கு வருவாருன்னு தெரியல” என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்து, அது வேறு மாதிரி பரவி, அந்த வாரம் முழுக்கத் தெருவில் உபைத்தை ஒரு தினுசாகப் பார்த்தார்கள்.

கமிட்டியில் பழைய கட்சி பாதி, புதிய கட்சி பாதி. கேள்வி ஒன்றே ஒன்றுதான். ஆய்லர் இறந்தது ரஷ்யாவில். அங்கே அப்போது பழைய காலண்டர். அதன்படி செப்டம்பர் ஏழு. புதியதன்படி செப்டம்பர் பதினெட்டு.

“திவசம் என்னிக்கு?” என்றார் வேங்கடவரதன்.

“ஏழு!” என்றார் தங்கபுஷ்பம் டீச்சர். பாதிக் கமிட்டி மலர்ந்தது, பாதிக் கமிட்டி சுண்டியது.

உபைத்தின் முறை வந்தது. பதினெட்டு என்று மட்டும் சொல்லியிருந்தால் பாதி வோட்டு கையில் இருந்திருக்கும். ஆனால் மனுஷன் கணக்கு வாத்தியார் ஆயிற்றே, நாக்கு சும்மா இருக்குமா?

“ரெண்டும் ஒரே நாள்தான் சார்,” என்றார்.

வேங்கடவரதன் பேனாவைக் கீழே வைத்தார்.

“என்ன சொன்னேள்?”

“ஒரே நாளுக்கு ரெண்டு காலண்டர்ல ரெண்டு பேரு. இதுல சண்டைக்கே இடமில்ல. நடுவுல பதினோரு நாள் வித்தியாசம் எப்படி வந்துச்சுன்னா...”

“அப்ப நாங்க இத்தன வருஷமா சண்ட போட்டதுக்கு அர்த்தமே இல்லேன்றேளா?” வேங்கடவரதன் மேஜையைத் தட்டினார். “எங்கப்பா இந்தச் சண்டைலதான் சார் பிராணன விட்டார்!”

“இந்தக் கருத்து வேற்றுமைதான் சபாவின் அஸ்திவாரம்,” என்றார் சண்முகவேல், கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தபடி. “அதை இழந்தால் நமக்கு மிஞ்சுவது கணக்கு மட்டும்தான். அந்த நிலைமை நம் எதிரிக்கும் வர வேண்டாம்.”

சபா தோன்றிய நாளிலிருந்து முதன்முறையாக இரண்டு கட்சிகளும் ஒன்றாகின. உபைத்துக்கு எதிராக. ஆனால் டீச்சருக்கும் பாதிதான் தேறியது. மணி ஒன்றைத் தாண்டியது. எல்லோருக்கும் பசி. அப்போது வேங்கடவரதன் ஒப்புக்கு நஸ்ருன்னிசா பக்கம் திரும்பினார்.

“நீங்க ஏதாவது சொல்லணும்னா சொல்லலாம்மா. துணை உறுப்பினர்தானே.”

நஸ்ருன்னிசா முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். “எனக்கு இன்னாங்க தெரியும்? எங்க மாமனாருக்கு வருஷ ஃபாத்திஹா ஓதுறப்பகூட தேதில தகராறுதான். பெரியவரு ஒரு நாளுன்னாரு, சின்னவரு ஒரு நாளுன்னாரு. நான் ரெண்டு நாளும் சோறு ஆக்கிட்டேன். வந்தவங்க வயிறு ரொம்புச்சு, அப்புறம் யாரும் தேதியப் பத்திப் பேசல. நீங்களும் ரெண்டு நாளும் சாப்பாடு போட்டுடுங்களேன்.”

“ரெண்டு நாளுமா?” என்றார் பழைய கட்சிக்காரர் ஒருவர்.

“ரெண்டு நாளும் இலை போட்டா?” என்றார் புதிய கட்சிக்காரர் ஒருவர்.

“வடை, பாயசத்தோட,” என்றார் நஸ்ருன்னிசா. “இங்கத்திக் கேன்டீன் தம்பியே செய்யட்டும். நான் மேற்பார்வ பாக்குறேன்.”

வேங்கடவரதன் எழுந்து நின்றுவிட்டார். “சபா தோன்றின நாளா இப்படி ஒரு தீர்க்கதரிசி வரலியே!” என்றார். கை தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கையும் மேலே போயிற்று. தூங்கிக்கொண்டிருந்த டீச்சரின் கணவர்கூடத் திடுக்கிட்டு எழுந்து கை தூக்கினார். ஆய்லர் ஏகமனதாக நஸ்ருன்னிசாவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் உபைத் சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“நான் என்ன வேணும்னா பண்ணேன்?” நஸ்ருன்னிசாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. “நீங்களே வச்சுக்குங்க அவர. எனக்கெதுக்கு?”

மறுநாள் உபைத் தலைவரிடம் போய்க் கேட்டார். மாற்றித் தர முடியாது, கொடுத்த மேதை கொடுத்ததுதான் என்றார் சண்முகவேல். வாசல்வரை வந்து, தோளில் தட்டி ஆறுதலும் சொன்னார்.

“மனம் தளராதீர்கள் உபைத். துணைவருக்கு முதல் உரிமை என்பது நம் வழக்கம். அவர்களுக்கு அப்புறம் ஆய்லர் தானாகவே உங்களுக்குத்தான். யாரும் போட்டிக்கு வர முடியாது. ஆமாம், வீட்டில் அவர்களுக்கு உடம்பெல்லாம் எப்படி?”

“பி.பி. கொஞ்சம் இருக்கு சார்.”

“அப்படியா,” என்றார் சண்முகவேல் நம்பிக்கையூட்டும் குரலில்.

அன்று உபைத்துக்கு மனுஷர்கள்மேலேயே வெறுப்பு வந்தது. ஆனால் அந்த வாரம் மந்தைவெளி கிளினிக்கில் நர்ஸம்மா நஸ்ருன்னிசாவின் கையில் பட்டையைச் சுற்றி, “கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கேம்மா” என்றபோது, உபைத்தின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று குதித்தது. பயத்தில் குதித்ததாகத்தான் முதலில் நினைத்தார். பயமில்லை அது. தலைவர் குரலில் கேட்ட அதே நம்பிக்கைதான் அது. அஸ்தஃபிருல்லா என்று வாய்க்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வெளியே வந்ததும் மனைவிக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார், உப்பில்லாத குழம்பு வைக்கச் சொன்னார், மாடிப்படி ஏறாதே என்றார், மாத்திரையைத் தானே எடுத்து நீட்டினார். நஸ்ருன்னிசாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கல்யாணமான புதிதில்கூட இவர் இப்படித் தாங்கியதில்லை.

பேச்சை உபைத்தே எழுதிக் கொடுத்தார். எழுதும்போது ஒவ்வொரு வரியும் தேனாக இருந்தது. இதை அவள் வாசிக்கப்போகிறாள் என்று நினைத்ததும் கசந்தது. நஸ்ருன்னிசா பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பார்.

“கண்ணு தெரியாமப் போனப்புறமுமா கணக்குப் போட்டாரு?”

“முன்னைவிட ஜாஸ்தியாப் போட்டாரு. இவரு சொல்லச் சொல்ல மத்தவங்க எழுதுவாங்க.”

“பசங்க எத்தன பேரு?”

“பதிமூணு. அஞ்சுதான் தங்குச்சு. அதெல்லாம் எதுக்கு? ஃபார்முலாவக் கவனி.”

“அந்தம்மா பேரு என்னாங்க?”

“கத்தரீனா. நஸ்ரு, அது பேச்சுல வராது.”

செப்டம்பர் ஏழு வந்தது. காலையில் தலைவர் ஒரு நிகழ்ச்சி வைத்திருந்தார். கோனிக்ஸ்பர்க் என்ற ஊரில் ஏழு பாலங்கள். ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தடவை கடந்து எல்லாவற்றையும் சுற்றி வர முடியாது என்று ஆய்லர் நிரூபித்தார். “வெளிநாட்டான் ஊரில் முடியாதது நம் சென்னையில் முடியும் என்று இன்று காட்டுவோம்!” என்று சண்முகவேல் கொடி அசைத்தார். அந்த ஊர் ஆறு வேறு, இந்த ஊர் ஆறு வேறு, ஆய்லர் சொன்னது அந்தப் பாலங்களின் அமைப்புக்கு என்று உபைத்துக்கு வாய் நமைத்தது. ஆனால் ஆய்லர் பெயரை உச்சரிக்கும் உரிமை அவருக்கு இல்லையே.

வேன் புறப்பட்டது. முன்சீட்டில் மாலையோடு நஸ்ருன்னிசா. கடைசியில், தண்ணீர் கேனுக்கும் ஸ்டெப்னிக்கும் நடுவில் உபைத். அடையாற்றுப் பாலங்களை எப்படியோ சமாளித்துவிட்டார்கள். கூவத்துக்கு வந்து, சிந்தாதிரிப்பேட்டைக்குள் நுழைந்ததும் ஒருவழிப் பாதையில் சிக்கிக்கொண்டார்கள். வெளியே வர வேண்டுமானால் வந்த பாலத்திலேயே திரும்ப வேண்டும். திரும்பக் கூடாது என்று பழைய கட்சி. திரும்பினால் என்ன என்று புதிய கட்சி. பாலத்தின் வாயில் நின்றுவிட்ட வேனுக்குப் பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன.

“இன்னா நைனா, பாலத்துமேல மீட்டிங்கு போட்டுக்கினு கீறீங்க?” என்று ஒரு மீன்பாடி வண்டிக்காரர் கத்தினார். “வூட்ல சொல்லிக்கினு வந்தியா?”

வெயில் ஏறியதும் வேன் வந்த வழியே திரும்பியது. சண்முகவேல் வேனுக்குள்ளேயே தீர்மானம் வாசித்தார்: “முடியாது என்று நஸ்ருன்னிசா அவர்களுடையவர் கூறியதை இந்த சபா நேரில் ஆய்வு செய்து, சரியே என்று அங்கீகரிக்கிறது.” ஆய்லருக்கு ஒரு வழியாக அங்கீகாரம் கிடைத்தது.

மத்தியானம் இலை போட்டுச் சாப்பாடு. சாயங்காலம் ஹால் நிரம்பி வழிந்தது. ராத்திரிக்கும் டிபன் உண்டு என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். நஸ்ருன்னிசா மேடையேறி, உபைத் எழுதிக் கொடுத்ததை ஒரு பக்கம் வாசித்தார். முதல் வரிசையில் கொட்டாவி ஆரம்பித்தது. நஸ்ருன்னிசா நிறுத்திவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

“மன்னிச்சுக்குங்க, இதெல்லாம் எனக்குப் புரியல. புரிஞ்சத மட்டும் சொல்றேன். இவருக்கு ஒரு கண்ணு போச்சு, அப்புறம் இன்னொண்ணும் போச்சு. மடியில புள்ளய வச்சுக்கினே கணக்குப் போடுவாராம், அப்படிச் சொல்றாங்க. மடியிலேர்ந்து எறங்குன புள்ளைய யாரு தூக்குனா? கத்தரீனான்னு ஒரு அம்மா. பதிமூணு பெத்தா. எட்ட மண்ணுக்குக் குடுத்தா. எட்டு! ஒண்ணு போனாலே நம்மால தாங்க முடியுமா? வீட்ல அழுக சத்தம் ஓயாத நாளுல அந்த மனுஷன் உக்காந்து எழுதியிருக்காரு. அவரு எழுதணும்னு அவ தனியா அழுதிருப்பா. அவ மவுத்தாகி மூணு வருஷத்துல அவ தங்கச்சி முறை உள்ளவளையே கட்டிக்கிட்டாரு. நான் தப்பு சொல்லல. கண்ணு தெரியாத ஆம்பளைக்குத் துணை வேணும். ஆனா அவளுக்குத் திவசம் எந்த காலண்டர்லங்க இருக்கு?”

ஒருத்தரும் தூங்கவில்லை. தங்கபுஷ்பம் டீச்சர் மூக்கை உறிஞ்சினார். கதவோரம் நின்ற வேலு, தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அப்புறம் எழுந்த கைதட்டல் இருக்கிறதே, அந்த ஹால் நியூட்டனுக்குக்கூடக் கேட்டதில்லை. தலைவர் தன் கையாலேயே பொன்னாடை போர்த்தினார். வருகிற பதினெட்டாம் தேதியும் இதே பேச்சு, இதே மேடை என்று அறிவித்தார்கள்.

உபைத்துக்குப் பெருமை வரத்தான் செய்தது. ஆனால் அதற்கு முன்னாலேயே வயிற்றெரிச்சல் வந்து நாற்காலியைப் பிடித்துவிட்டது. வாழ்நாளெல்லாம் படித்தது நான், ஆய்லர் சிரித்தால் என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டியவர், என்று நினைத்துக்கொண்டே கையைத் தட்டினார். தட்டித் தட்டிக் கை சிவந்துபோயிற்று.

மணி எட்டுகூட ஆகவில்லை. இரண்டு பேரும் ஆட்டோ பிடித்துக் கச்சேரி ரோடு வழியாக வீட்டுக்குத் திரும்பினார்கள். நஸ்ருன்னிசாவின் மடியில் பொன்னாடை.

“தலைவரு ஒண்ணு சொன்னாருங்க,” என்றார். “உங்களுக்கு அப்புறம் அல்-குவாரிஸ்மியும் எனக்குத்தான் வருவாராம். அது வழக்கமாம்.”

“எனக்கு அப்புறம்னா?”

“அப்புறம்னா அப்புறம்தான். ஆனா நான் ஒண்ணு சொல்லிட்டேன். மஹாளய மத்தியானம், தூங்குற கூட்டம், பத்து நிமிஷம், அதெல்லாம் என்கிட்ட ஆவாதுன்னுட்டேன். சாயங்காலம் முழுசா வேணும். உடனே சரின்னுட்டாங்க. பாவம் அந்த மனுஷன், இத்தன வருஷமா அவரப் பத்தி ஒருத்தரும் ஆசையா ஒரு வார்த்த பேசல.”

உபைத் நிமிர்ந்து உட்கார்ந்தார். அல்-குவாரிஸ்மி! இத்தனை காலம் ஏறெடுத்தும் பார்க்காத மனுஷர். இப்போது அவர் இன்னொருத்தர் கைக்குப் போவதை நினைக்கவே பொறுக்கவில்லை. வர்க்கச் சமன்பாட்டைச் சதுரம் சதுரமாக வரைந்து, சின்னப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி சொல்லிக் கொடுத்தவராயிற்றே! அவரைப் பற்றி எவ்வளவு பேசலாம்! அதையும் இவள் அழகாகப் பேசிவிடுவாள். ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நாம் கப்ருக் குழிக்குள் படுத்துக்கொண்டு கைதட்டல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

“தம்பி, ஓரமா நிறுத்துப்பா,” என்றார்.

“வீடு இன்னும் வரலியே!” என்றார் நஸ்ருன்னிசா.

“நீ ஆட்டோல போ. நான் நடந்து வரேன். நடந்தா உடம்புக்கு நல்லது.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உபைத் நடக்க ஆரம்பித்தார். நடை என்றால் நடை, பின்னால் யாரோ துரத்துகிற மாதிரி. ஆட்டோ மெல்ல உருண்டுகொண்டே அவர் பக்கத்தில் வந்தது. நஸ்ருன்னிசா தலையை வெளியே நீட்டினார்.

“ஏங்க, மூச்சு வாங்குது பாருங்க. ஏறுங்க.”

“வாங்கல!” என்று சொல்லிவிட்டு, உபைத் இன்னும் வேகமாக நடந்தார்.